தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் சொல்லித்தர

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா மாதிரியான தோட்டத்து ஊர்களில் (பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்லித்தர விரும்பும் பல்கலைக்கழக மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆண்டு 4 முதல் ஆண்டு 6 வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மழைமானி மட்டும் போதும்.

பொதுவாக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பனிக்கரடிப் படம், உருகும் பனிமலைக் காணொளி, நடுவதற்கு ஒரு மரக்கன்று என்று மூன்று பொருள்கள் வரும். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அதே பிள்ளைகளிடம் பூமி ஏன் சூடாகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது என்பார்கள். ஓசோன் ஓட்டை வேறு சங்கதி. அது புற ஊதாக் கதிரை உள்ளே விடுவது. 1987ஆம் ஆண்டு மொன்ட்ரியால் உடன்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஆறிவருவது. இரண்டையும் முதல் நாளே பிரித்துச் சொல்லாவிட்டால் பிறகு எதைச் சொன்னாலும் அந்த ஓட்டையில் போய்த்தான் விழும்.

அடுத்த சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. பாடநூல் வழக்கில் ‘பசுமை இல்ல வாயு’ என்கிறோம். பசுமை என்றாலே பிள்ளைக்கு நல்லது. பசுமைப் பள்ளி, பசுமைத் தோட்டம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பசுமை இல்ல வாயு கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். கண்ணாடி வீட்டைப் பார்த்த பிள்ளையும் இங்கே இல்லை; அதிகம் போனால் கேமரன் மலையில் நெகிழிக் கூடாரத்தைப் பார்த்திருக்கும். அதனால் முதல் வகுப்பில் ‘வெப்பம் பிடிக்கும் வாயு’ என்றே சொல்லுங்கள். பாடநூல் சொல்லைக் கடைசி வகுப்பில் எழுதிக்காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் போதும். கார்பன் டைஆக்சைடுக்கு நம் பள்ளிகளில் கரிவளி என்று பெயர். டி.எல்.பி. (இருமொழித் திட்டம்) பள்ளியாக இருந்தால் அறிவியலை ஆங்கிலத்தில் படித்திருப்பார்கள். எந்தச் சொல் பழக்கம் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரிவளி காற்றில் எவ்வளவு என்பதற்கு அரிசி போதும். நூறு அரிசியை எண்ணிச் சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2 கிராம் வரும். அப்படியானால் 200 கிராம் அரிசியில் சுமார் 10,000 மணிகள். அதில் நான்கு மணிகளுக்கு மட்டும் மஞ்சள் தடவிக் காயவைத்துக் கலந்து, ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு தட்டாகக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். காற்றில் கரிவளி இன்று பத்து லட்சத்தில் 420க்கு மேல். அதாவது பத்தாயிரத்தில் நான்கு. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் அது 280, பத்தாயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. ஹவாயில் உள்ள மௌனா லோவாவில் 1958ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: ‘நாலே நாலு அரிசி என்ன செய்துவிடும், அக்கா?’ கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கிறது. நெகிழிக் குவளையில் தெளிந்த தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி, நீல உணவுச் சாயம் எட்டுச் சொட்டு விடுங்கள். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். எட்டுச் சொட்டு 0.4 மில்லிலிட்டர், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு. தண்ணீர் நீலமாகிவிடும், பின்னால் பிடித்த எழுத்து மங்கும். பழைய 280 பங்குக்கு ஐந்தரைச் சொட்டு வரும்; பக்கத்தில் இன்னொரு குவளையில் அதற்குப் பதில் ஐந்து அல்லது ஆறு விட்டு ஒப்பிடுங்கள். மிகச் சிறிய பங்கு ஒளியை மறைக்க முடியும் என்றால், அதே அளவு வாயு வெப்பக் கதிரைப் பிடிப்பதும் நடக்கக்கூடியதுதான் என்று அங்கேயே புரிந்துவிடும். சாயம் கெட்டியான கூழ் வகையாக இருந்தால் சொட்டின் அளவு மாறிவிடும். நீர்த்த சாயமாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி, செய்யவேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்திச் சொல்லும் சோதனை ஒன்று. இரண்டு புட்டிகள், ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்துக் கரிவளி, இன்னொன்றில் வெறும் காற்று; இரண்டையும் விளக்கடியில் வைத்து எது சூடாகிறது என்று பார்ப்பது. இணையத்தில் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. கரிவளிப் புட்டி சில நேரம் ஓரிரு பாகை கூடுதலாகக் காட்டும். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பம் பிடிப்பது அல்ல. கரிவளி காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கிக் காற்றோட்டத்தைக் குறைக்கிறது, அதனால் சூடு வெளியேறத் தாமதமாகிறது. கரிவளிக்குப் பதில் ஆர்கான் நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே சூடு வருகிறது. ஆர்கான் வெப்பம் பிடிக்கும் வாயுவே அல்ல. போதாக்குறைக்கு, சோடாவும் வினிகரும் சேரும்போது கலவை குளிர்கிறது. விளக்கு அரை அங்குலம் தள்ளிப்போனால் விடை தலைகீழாகும். நம்மால் விளக்க முடியாத சோதனையைப் பிள்ளைகள் முன் வைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறோம்.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். மேகம் மூடிய இரவில் புழுக்கம். நட்சத்திரம் தெரியும் இரவில் விடியற்காலை குளிரும். இதை எல்லாரும் அனுபவித்திருக்கிறார்கள். தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரை மேகமும் நீராவியும் பிடித்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. போர்வை மாதிரி என்று சொல்லலாம். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே போகவிடாமல் தடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதைச் செய்துகாட்ட, சமையலறைக்கு விற்கும் மலிவான அகச்சிவப்பு வெப்பமானி, துப்பாக்கி வடிவில் வருவது, ஒன்று இருந்தால் போதும். மாலை ஏழரை மணிக்குப் பிறகு அதைத் தெளிந்த வானத்தை நோக்கிப் பிடியுங்கள், பிறகு மேகத்தை நோக்கி. மேகம் பல பாகை கூடுதலாகக் காட்டும். மேலேயிருந்து வெப்பம் கீழே வருகிறது என்பதைப் பிள்ளைகள் எண்ணிலேயே பார்க்கிறார்கள். இந்தக் கருவி காண்பது பெரும்பாலும் மேகத்தையும் நீராவியையும்தான். கரிவளி பிடிக்கும் அலைநீளத்தை அது அதிகம் பார்ப்பதில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, கரிவளியும் இதே வேலையை வேறு அலைநீளத்தில் செய்கிறது என்று விளக்குங்கள். பகலில் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, சிவப்பு ஒளிப்புள்ளி யார் கண்ணிலும் படக்கூடாது. கருவியை ஒரு பெரியவர் மட்டும் வைத்திருப்பது நல்லது.

அதே கருவியைப் பகலில் தகரக் கூரையில் பயன்படுத்தும்போது ஒரு பொறி இருக்கிறது. புதுத் தகரம் பளபளவென்று இருப்பதால் தன் சூட்டைக் கதிராகக் குறைவாகவே விடும். கருவி வானத்தின் எதிரொளியைப் படித்துவிட்டுக் கூரை குளிர்ச்சி என்று சொல்லிவிடும். கைவைத்தால் சுடும், கருவி 30 என்னும். பிள்ளைகளுக்குக் குழப்பம். கையெட்டும் தகரத்தில், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையோ கழிவறைக் கூரை விளிம்போ, நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறக் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, பத்து நிமிடம் கழித்து நாடாவின்மேல் அளந்தால் உண்மையான சூடு தெரியும். நண்பகலில் 50 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தூரமும் முக்கியம். பெரும்பாலான கருவிகள் 60 செண்டிமீட்டர் தூரத்தில் 5 செண்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும். இன்னும் தள்ளி நின்றால் நாடாவைத் தாண்டிச் சுற்றியுள்ள தகரத்தையும் சேர்த்துப் படித்துவிடும்.

சாலைத் தார், புல், செம்பனை நிழல், தகரம் என்று நான்கு இடம் அளந்ததும், ‘இதுதான் பருவநிலை மாற்றம்’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அது இடத்தின் சூடு. வானிலை என்பது இன்று எப்படி என்பது; பருவநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரி. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 பாகை பதிவானது, நாட்டின் உச்ச அளவு. அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு பருவநிலை மாற்றத்தை நிறுவ முடியாது. அது எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) ஆண்டு. அப்படிப்பட்ட நாள்கள் முன்னைவிட அடிக்கடி வருகின்றனவா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாட்டுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினாலும் தகும்.

பனிக்கட்டிச் சோதனை நல்ல சோதனை, ஆனால் அவசரப்பட்டால் கெடும். ஒரே அளவில், ஒளி ஊடுருவும் நெகிழிப் பெட்டிகள் இரண்டு, அடிப்பகுதி சுமார் 15க்கு 10 செண்டிமீட்டர். ஒன்றில் கருங்கல் ஜல்லியைக் குவித்து மேடாக்கித் தண்ணீர் ஊற்றுங்கள், மேடு தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரியவேண்டும். மேட்டின்மேல் 120 கிராம் பனிக்கட்டி. இன்னொன்றில் தண்ணீரில் மிதக்கும்படி அதே 120 கிராம். பனி வைத்த பிறகு நீர்மட்டத்தை ஒட்டுநாடாவில் குறியுங்கள். முதல் பெட்டியில் மட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஏறும், இரண்டாவதில் ஏறாது. மிதக்கும் பனி உருகினால் கடல் ஏறுவதில்லை, கிரீன்லாந்திலும் அண்டார்ட்டிக்காவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகினால் ஏறும். கெடுவது எங்கே என்றால், மேட்டிலிருந்து கட்டி வழுக்கித் தண்ணீரில் விழுவதில். விழுந்தால் அந்தப் பெட்டியின் கணக்கு போச்சு. மேட்டின் நடுவில் குழி செய்து வையுங்கள். கடையில் வாங்கும் குழல் ஐஸ் நடுவில் ஓட்டையாக இருக்கும், எண்ணிக்கையை நம்பாமல் நிறுத்துப் போடுங்கள். நம் வெயிலில் உருக 40 நிமிடமாவது ஆகும் என்பதால் வகுப்பு தொடங்கியதும் வைத்துவிடவேண்டும். பெட்டியின் வெளியே வியர்க்கும் நீரைக் கண்டு கசிவு என்பார்கள். துடைத்துக் காட்டி, அது காற்றில் இருந்த நீராவி என்று சொல்லுங்கள். காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், கனமழை மேலும் கனமாவதன் காரணம் அதுதான் என்று தொடர அங்கேயே வழி கிடைக்கிறது.

இந்த ஊருக்கென்றே உள்ள பாடம் தானா காம்புட். பக்கத்து ராஜா மூசா காட்டை ஒட்டிய நிலமெல்லாம் அந்தக் கரிச்சதுப்பு மண். இலையும் வேரும் தண்ணீருக்குள் மக்காமல் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டராகச் சேர்ந்தது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கி, கரிவளியாகப் போய்விடும். நிலம் ஆண்டுக்குச் சில செண்டிமீட்டர் தாழும். செம்பனை மரங்கள் சாய்ந்து, வேர் வெளியே தெரிய நிற்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

செய்துகாட்ட, தாவர நாரில் செய்த பஞ்சு மூன்று, காய்ந்தால் சுருங்கி விறைக்கும் வகை. பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் நுரைப்பஞ்சு சுருங்காது, அதை வாங்கினால் சோதனை நடக்காது. ஈரமாக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கி, மேல்மட்டத்தைக் குறித்து, ஐந்தாறு சாத்தே குச்சிகளை மரமாகக் குத்துங்கள். பெட்டியின் அடியில் துளையிட்டு வெயிலில் ஒரு நாள் விட்டால் மட்டம் தாழ்ந்து குச்சிகள் சாயும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பஞ்சு எழும்பும். உண்மையான மண் அப்படி எழும்பாது, போனது காற்றோடு போனது என்று சொல்ல மறக்கவேண்டாம். கால்வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால் மேற்கொண்டு போவதும் தீப்பிடிப்பதும் குறையும், ராஜா மூசாவில் அந்த வேலை நடந்திருக்கிறது. காய்ந்த காம்புட் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். மண்ணை எடுத்துவந்து கொளுத்திக் காட்டும் எண்ணமே வேண்டாம்.

ஜெரெபு (புகைமூட்டம்) வரும் மாதங்களில் இந்தப் பாடத்தைத் தள்ளிவையுங்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும். 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். ஜெரெபுத் தூசு வேறு, வெப்பம் பிடிக்கும் வாயு வேறு. இரண்டும் ஒரே தீயிலிருந்து வரலாம்.

இங்கே மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் பெற்றோரின் தொழில். வகுப்பில் பலரின் அப்பா குலை வெட்டுபவர், அம்மா உரம் போடுபவர், மாமா ஆலையில் வேலை. செம்பனை உலகைக் கெடுக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகும். எந்த நிலத்தை வடிப்பது என்று முடிவெடுத்தவர் அரிவாள் பிடிப்பவர் அல்ல. ஆலைக் கழிவுநீர்க் குளத்தில் எழும் குமிழி மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரிவளியைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. மூடிபோட்டுப் பிடித்தால் அதே வாயுவில் மின்சாரம் எடுக்கலாம் என்று சொல்லுங்கள். மழை நாளில் பால்மரம் சீவ முடியாது, நீண்ட வறட்சிக்குப் பல மாதங்கள் கழித்துக் குலை குறையும் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவந்து சொல்லட்டும். இந்த மாற்றம் முதலில் யார் சம்பளத்தில் கைவைக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

அதே அக்கறையில் இன்னொன்று. மின்கட்டண ரசீதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பாக்கித் தொகையும் சிவப்பு எழுத்தும் மற்றவர் கண்ணில் படும். கரும்பலகையிலேயே கணக்குப் போடலாம்: 60 வாட் காற்றாடி பத்து மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். அந்த அளவில் கற்றுக்கொண்டால் போதும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழகக் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பாருங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டுமா என்பதை அவர் சொல்வார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு முன்பே தகவல் போகட்டும். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும். மாணவர் குறைவான பள்ளியென்றால் ஆண்டு 4, 5, 6 பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கக்கூடும். ஒவ்வொரு குழுவிலும் ஆண்டு 6 பிள்ளை ஒருவர் இருக்குமாறு பிரித்துவிடுங்கள்.

மரக்கன்று நடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பள்ளி விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. வாடிய கன்றைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு அது என்ன சொல்லித்தரும்? நீங்கள் போன பிறகும் நடக்கவேண்டிய வேலை மழைமானி.

இடுப்பில் ஒடுங்காத, நேரான பக்கமுள்ள 1.5 லிட்டர் புட்டி ஒன்றை எடுத்து, மேல் மூன்றிலொரு பங்கை வெட்டித் தலைகீழாகப் புனலாகச் செருகுங்கள். வெட்டிய விளிம்பை ஒட்டுநாடாவால் மூடுங்கள், கை கிழியும். புட்டியின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அளவுகோலை ஒட்டிப் படிப்பது தவறாகும். தண்ணீரை ஊற்றி அளப்பதே சரி. வெட்டிய அகன்ற வாயின் விட்டம் 9 செண்டிமீட்டர் என்றால் பரப்பு 63.6 சதுர செண்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 6.4 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். மருந்தகத்தில் ஊசியில்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சு வாங்கி அளந்து 6.4ஆல் வகுக்கவேண்டியதுதான், ஆண்டு 5 பிள்ளைக்குத் தசமக் கணக்குப் பயிற்சியாகவும் ஆகும். உங்கள் புட்டியின் விட்டம் வேறாக இருந்தால் இந்த எண்ணும் மாறும்.

காற்றில் சாயாமல் இருக்க, மணல் நிரப்பிய வாளியில் புதைத்து வையுங்கள். கூரை, மரம் எதுவும் தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் இருக்கக்கூடாது. பள்ளித் திடலின் ஓரம் பெரும்பாலும் சரிப்படும். பந்து படாத மூலையாகப் பாருங்கள். தினமும் காலை 8 மணிக்கு அளந்து, உடனே கொட்டிவிடவேண்டும். தேங்கினால் ஏடிஸ் கொசு. கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. விடுமுறை தொடங்கும்போது புட்டியைக் கவிழ்த்து வைப்பது யார் பொறுப்பு என்று எழுதியே வையுங்கள்.

10 மில்லிமீட்டர் மழை என்றால் 20க்கு 30 அடி கூரையில் ஏறத்தாழ 550 லிட்டர் விழுகிறது. இந்தக் கணக்கைச் சொன்னதும் வடிகாலில் குப்பை போடுவது பற்றித் தனியாகப் பேசவேண்டியிருக்காது. மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 60க்கு மேல் மிகக் கனமழை என்பது வடிகால் இலாகாவின் வகைப்பாடு. 2021 டிசம்பர் 18ஆம் தேதி வாக்கில் சிலாங்கூரை மூழ்கடித்த மழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வெள்ளப் பயம் உண்டு. பயத்தை அப்படியே விட்டுவிடாமல், அந்த இலாகாவின் பப்ளிக் இன்போ பஞ்சிர் பக்கத்தில் ஆற்றுமட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்: சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகள். பிறப்புச் சான்றிதழும் மைகிட் (பிள்ளைகளின் அடையாள) அட்டையும் நீர்புகாத பையில் எந்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பதிவேடு. கெட்டி அட்டை போட்ட ஒரே ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில் வேண்டாம், பேனா. தேதி, நேரம், மில்லிலிட்டர், மில்லிமீட்டர், அளந்தவர் பெயர், குறிப்பு என ஆறு கட்டங்கள். திங்கட்கிழமை அளப்பது வெள்ளி காலை முதல் சேர்ந்த மூன்று நாள் மழை, அதை மூன்றால் வகுத்து எழுதக்கூடாது. ‘3 நாள்’ என்று குறிப்பில் போடவேண்டும். புட்டி சாய்ந்திருந்தால் சாய்ந்தது என்றே எழுதட்டும். தவறிய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதட்டும். மழை பெய்யாத நாளுக்கு 0 எழுதவேண்டும். அளக்க மறந்த நாளுக்கு 0 போடாமல் சிறு கோடு மட்டும் இழுக்கவேண்டும்.